ஆவணக் காப்பகவியல் கற்பிக்கப் பேராசிரியரை நியமிப்பது எப்படி? ராமநாதபுரம் கடலோரக் கல்லூரிகளுக்கான கேள்வி பதில்கள்

தொண்டி, தேவிபட்டினம், மண்டபம், ராமேஸ்வரம், கீழக்கரை, சாயல்குடி என்று நீளும் இந்தக் கரையில் பழைய ஆவணங்களைப் பாதுகாத்துப் பட்டியலிடும் துறையான ஆவணக் காப்பகவியலைப் பாடமாகத் தொடங்க நினைக்கும் கல்லூரி நிர்வாகத்தினர், வரலாற்றுத் துறைத் தலைவர்கள், நூலகர்கள் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. பட்டத்தை மட்டும் பார்த்து ஆளெடுத்தால் இந்தப் பாடம் ஒரே ஆண்டில் வெறும் குறிப்பெழுதும் வகுப்பாகிவிடும். பழைய தாளையும் ஏட்டையும் கையில் எடுத்துப் பழகியவர்தான் வேண்டும். அவரைத் தேடிப் பிடிக்கவும், விதிப்படி நியமிக்கவும், வந்தபின் வேலை செய்யவிடவும் தேவையானவற்றைச் சொல்கிறோம்.

முழுநேரப் பணியிடமே வேண்டுமா? வரலாறு படிப்பில் ஒரு தாளுக்கு மட்டும் ஆள் போதாதா?

முதலில் வேலைப்பளுவைக் கணக்கிடுங்கள். 4 கிரெடிட் தாள் ஒன்றை முழுக்க விரிவுரையாக நடத்தினால் 60 மணி நேரம். பாதியைச் செய்முறையாக வைத்தால் 2 கிரெடிட் விரிவுரைக்கு 30 மணி, 2 கிரெடிட் செய்முறைக்கு 60 மணி, ஆக 90 மணி நேரம். ஒரு பருவத்தில் ஒரே தாள் என்றால் கௌரவ விரிவுரையாளரே போதும். பட்டயப் படிப்போ முதுகலைப் படிப்போ தொடங்குவதாக இருந்தால் ஒரு முழுநேர ஆசிரியரும், செய்முறைக்கு வந்துபோகும் அனுபவசாலி ஒருவரும் சேர்ந்த ஏற்பாடுதான் நிற்கும்.

செய்முறையே இல்லாமல் தாளை நடத்துவதாக இருந்தால் தொடங்க வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. தூசி தட்டத் தெரியாமல், கட்டைப் பிரிக்கத் தெரியாமல் சான்றிதழோடு வெளியே போகும் மாணவர் முதல் நாளிலேயே ஓர் ஆவணத்தைக் கெடுத்துவிடுவார்.

நெட் தேர்வில் ஆவணக் காப்பகவியல் என்று ஒரு பாடமே இல்லையே, எந்தத் தகுதியைக் கேட்பது?

விண்ணப்பதாரர்கள் பெரும்பாலும் வரலாறு, நூலக மற்றும் தகவல் அறிவியல், அருங்காட்சியகவியலும் பாதுகாப்பும், தமிழ் ஆகிய பாடங்களில், கல்லூரி ஆசிரியர் பணிக்கான தகுதித் தேர்வுகளான நெட் அல்லது செட் தேர்ச்சியோடு வருவார்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2018 விதிமுறைகள் உதவிப் பேராசிரியருக்குக் கேட்பது அந்தப் பாடத்திலோ தொடர்புடைய பாடத்திலோ 55 விழுக்காட்டுடன் முதுகலைப் பட்டம். பட்டியல் சாதியினர், பழங்குடியினர், இதர பிற்படுத்தப்பட்டோர், மாற்றுத்திறனாளிகளுக்கு 5 விழுக்காடு தளர்வு உண்டு. 2023 ஜூலையில் வந்த திருத்தம் நெட், செட், ஸ்லெட் தேர்ச்சியைக் குறைந்தபட்சத் தகுதியாக வைத்தது.

சிக்கல் வருவது "தொடர்புடைய பாடம்" என்ற இடத்தில்தான். எவையெல்லாம் தொடர்புடைய பாடங்கள் என்பதை விளம்பரம் வெளியாகும் முன்பே பாடத்திட்டக் குழுவில் வைத்துத் தீர்மானமாக எழுதி, கல்விக் குழுவின் ஒப்புதலும் வாங்கிவிடுங்கள். தேர்வு முடிந்தபின் பட்டியலை விரித்தாலும் குறைத்தாலும், தேர்வாகாதவர் வழக்குப் போட அதுவே காரணமாகும். இந்த மாவட்டத்துக் கலை அறிவியல் கல்லூரிகள் காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை என்பதால், தகுதி ஒப்புதல் எப்படி அமையும் என்று அங்கே முன்கூட்டியே எழுத்தில் கேட்டுக்கொள்வது நல்லது.

2025 ஜனவரியில் யுஜிசி புதிய வரைவு விதிகளை வெளியிட்டது. ஆகவே விளம்பரம் வெளியிடும் நாளில் எந்த விதி நடப்பில் இருக்கிறதோ அதை ஒருமுறை சரிபார்த்துவிட்டே வாசகத்தை இறுதி செய்யுங்கள்.

உதவிப் பேராசிரியரா, இணைப் பேராசிரியரா, பேராசிரியரா?

2018 விதிகளின்படி இணைப் பேராசிரியருக்கு முனைவர் பட்டம், 8 ஆண்டு அனுபவம், 7 ஆய்வுக் கட்டுரைகள், ஆய்வு மதிப்பெண் 75 வேண்டும். பேராசிரியருக்கு முனைவர் பட்டம், 10 ஆண்டு அனுபவம், 10 கட்டுரைகள், ஆய்வு மதிப்பெண் 120. ஏழாவது ஊதியக் குழு அட்டவணையில் தொடக்க அடிப்படை ஊதியம் முறையே ரூ.57,700, ரூ.1,31,400, ரூ.1,44,200.

புதிய பாடத்துக்கு நேரடியாகப் பேராசிரியர் பதவியை விளம்பரப்படுத்தினால் விண்ணப்பமே வராமல் போகக்கூடும். இந்தத் துறையில் கைதேர்ந்தவர்கள் பலர் காப்பகங்களில் வேலை பார்த்தவர்கள். அவர்களிடம் அனுபவம் இருக்கும், கட்டுரை எண்ணிக்கை இருக்காது. உதவிப் பேராசிரியர் நிலையில் தொடங்குவதே நடைமுறைக்கு ஒத்துவரும்.

காப்பகத்தில் பணியாற்றிய ஆண்டுகளை ஒருவர் இணைப் பேராசிரியர் பதவிக்கான அனுபவமாகக் காட்டினால் கவனம் தேவை. அந்தப் பணி உதவிப் பேராசிரியருக்கு இணையான கற்பித்தல் அல்லது ஆய்வுப் பணி என்று நிறுவப்பட வேண்டும். பதவிப் பெயர், ஊதிய நிலை, பணி விவரம், தொடக்க நாள், முடிவு நாள் ஆகிய ஐந்தும் அடங்கிய சான்று வாங்குங்கள். "எங்களிடம் பணிபுரிந்தார், நன்னடத்தை உடையவர்" என்ற இரண்டு வரிச் சான்றைத் தணிக்கையில் ஏற்க மாட்டார்கள்.

காப்பகத்தில் நீண்டகாலம் வேலை பார்த்தவர், முனைவர் பட்டமும் நெட்டும் இல்லை. அவரை எடுக்க வழி உண்டா?

உண்டு. 2022-ல் யுஜிசி வெளியிட்ட நடைமுறைப் பேராசிரியர் வழிகாட்டுதல் இதற்கென்றே வந்ததுபோல் பொருந்துகிறது. துறையில் குறைந்தது 15 ஆண்டு அனுபவம் இருந்தால் கல்வித் தகுதி கட்டாயமில்லை, ஆய்வுக் கட்டுரைகளும் வேண்டியதில்லை. தொடக்கத்தில் ஓராண்டு வரை நியமித்து, பொதுவாக 3 ஆண்டுக்கு மிகாமல், விதிவிலக்காக 4 ஆண்டு வரை நீட்டிக்கலாம். இவர்களின் எண்ணிக்கை அனுமதிக்கப்பட்ட பணியிடங்களில் 10 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. 40 பணியிடம் உள்ள கல்லூரியில் 4 பேர் வரை வைக்கலாம். மதிப்பூதியத்தை நிறுவனமே தன் நிதியிலிருந்து தரலாம், தொழில் நிறுவனம் ஏற்கலாம், அல்லது ஊதியமின்றியும் ஒருவர் வரலாம். கல்லூரி ஆசிரியராக இருப்பவரையோ ஓய்வுபெற்ற ஆசிரியரையோ இந்த வழியில் எடுக்க முடியாது. அவர்களைக் கௌரவ விரிவுரையாளராக அழைக்கலாம்.

கௌரவ விரிவுரையாளருக்கு யுஜிசி 2019-ல் சொன்ன அளவு ஒரு வகுப்புக்கு ரூ.1,500, மாதம் ரூ.50,000-க்கு மிகாமல். அதாவது மாதம் 33 வகுப்புகளோடு உச்சவரம்பு வந்துவிடும். செய்முறை வகுப்புகளை எப்படி எண்ணுவது என்பதை நியமன ஆணையிலேயே எழுதுங்கள். மூன்று மணி நேரச் செய்முறையை ஒரு வகுப்பு என்று நிர்வாகமும் மூன்று வகுப்பு என்று ஆசிரியரும் நினைத்துக்கொண்டு, முதல் மாதச் சம்பளத்திலேயே மனக்கசப்பு வருவது வழக்கமாக நடப்பது.

விளம்பரத்தில் என்ன எழுத வேண்டும்?

பாடத்தின் பெயரை மட்டும் போட்டால் போதாது, செய்ய வேண்டிய வேலையை எழுதுங்கள். "ஓலைச்சுவடி, கையெழுத்துத் தாள், புகைப்படம் ஆகியவற்றைக் கையாளுதல், பட்டியலிடுதல், எண்ணிமப்படுத்துதல் (டிஜிட்டலாக்குதல்) ஆகியவற்றைத் தமிழில் கற்பிக்க வேண்டும். வாரம் இரண்டு செய்முறை அமர்வுகள். கல்லூரிச் சேகரிப்பு அறையின் பொறுப்பும் உண்டு. நேர்முகத் தேர்வில் 15 நிமிட வகுப்பும் செய்முறைத் தேர்வும் இடம்பெறும்." இப்படி எழுதினால் பொருத்தமில்லாதவர்கள் தாமாகவே ஒதுங்கிவிடுவார்கள். செய்முறைத் தேர்வு உண்டு என்பதை முன்கூட்டியே அறிவிக்காமல் அன்று திடீரென்று வைத்தால், அதுவே ஆட்சேபனைக்கு இடம் கொடுக்கும்.

புதுடெல்லியில் உள்ள இந்திய தேசிய ஆவணக் காப்பகத்தின் ஆவணவியல் பள்ளி ஓராண்டுப் பட்டயப் படிப்பையும், சில வாரங்களே நடக்கும் குறுகியகாலப் படிப்புகளையும் நடத்துகிறது. அங்கே பயின்றவருக்கு முன்னுரிமை என்று சேர்க்கலாம். கட்டாயம் என்று வைத்தால் தென் தமிழ்நாட்டில் ஆள் கிடைப்பது அரிது.

சிறுபான்மை நிறுவனம் அல்லாத கல்லூரிகளுக்கு இடஒதுக்கீட்டுக்கான 200 புள்ளி இனச்சுழற்சி பொருந்தும். இந்தப் பணியிடம் எந்தச் சுழற்சிப் புள்ளியில் விழுகிறது என்பதை விளம்பரத்திலேயே குறிப்பிடுங்கள்.

தேர்வுக் குழுவுக்குப் பாட வல்லுநர்களை எங்கே தேடுவது?

பல்கலைக்கழக நியமனம் என்றால் துணைவேந்தர் தலைமையிலான குழுவில் மூன்று பாட வல்லுநர்கள் இருக்க வேண்டும். குறைந்தது நான்கு உறுப்பினர் வந்திருக்க வேண்டும், அதில் இருவர் வெளி வல்லுநர்கள். மூவரும் வரலாற்றுப் பேராசிரியர்களாக இருந்தால் நேர்முகம் சேதுபதிகள் ஆட்சிக்காலம் பற்றிய உரையாடலாக முடிந்துவிடும். ஒருவர் வரலாறு, ஒருவர் ஆவணக் காப்பகப் பின்னணி, ஒருவர் சுவடியியல் அல்லது பாதுகாப்பு வேதியியல் என்று கலந்து அமையுங்கள். தஞ்சாவூர் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் ஓலைச்சுவடித் துறை, சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம், சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம் போன்ற இடங்களில் விசாரித்தால் பொருத்தமான பெயர்கள் கிடைக்கும்.

செய்முறைத் தேர்வில் எதை வைப்பது, எதைக் கவனிப்பது?

ஒரு மேசை, ஐந்து பொருள்கள், நாற்பது நிமிடம் போதும். மதிப்புள்ள மூலப்பொருளைத் தேர்வுக்கு வைக்கவே கூடாது. எழுத்தில்லாத பழைய ஓலைகள், கழித்துவிட்ட கணக்குக் கோப்புகள் போதுமானவை.

முதலாவது, கயிறு தளர்ந்த ஓர் ஓலைக்கட்டு. நல்ல ஆசிரியர் கையைக் கழுவி நன்றாக உலர்த்திவிட்டுத்தான் தொடுவார். கட்டைப் பிரிக்கும் முன்பே வரிசையைக் குறித்துக்கொள்வார், ஏடுகளை எண்ணுவார், ஒவ்வொரு ஏட்டையும் அடியில் தாங்கித் திருப்புவார். வந்ததும் வராததுமாக "எலுமிச்சம்புல் எண்ணெய் தடவ வேண்டும்" என்று சொல்பவரிடம் இன்னும் கொஞ்சம் விசாரியுங்கள். எண்ணெய் காய்ந்த ஓலைக்கு வளைவு தரும், ஆனால் தூசியையும் பிடித்து வைத்துக்கொள்ளும். ஓலையின்மேல் மையாலோ வண்ணத்தாலோ ஏதாவது வரையப்பட்டிருந்தால் அதைக் கலைத்தும் விடும். முதலில் உலர்ந்த தூரிகையால் சுத்தம் செய்து, ஒரு மூலையில் சோதித்துப் பார்த்து, அதன்பிறகே எண்ணெய் என்று சொல்பவர்தான் பாடம் நடத்தத் தகுந்தவர்.

இரண்டாவது, துருப்பிடித்த குண்டூசியும் ஸ்டேப்பிள் கம்பியும் உள்ள கோப்பு. பிடித்து இழுத்தால் தாள் கிழியும். தாளுக்கும் கம்பிக்கும் நடுவே மெல்லிய பாலியெஸ்டர் துண்டைச் செருகி, கம்பியின் கால்களைப் பின்பக்கம் நிமிர்த்திய பிறகு எடுக்கிறாரா என்று பாருங்கள்.

மூன்றாவது, பூஞ்சை பிடித்த பதிவேடு. அதைத் துறைத் தலைவர் மேசையிலேயே விரிப்பவர் வேண்டாம். முகக்கவசம் கேட்பவர், மற்றப் பொருள்களிலிருந்து அதை ஒதுக்கி வைப்பவர், ஈரப் பூஞ்சையைத் துடைத்தால் தாளுக்குள் இறங்கும் என்று விளக்கி, முதலில் உலரவிடச் சொல்பவர் வேண்டும்.

நான்காவது, தேதி கண்டுபிடிப்பது. "குரோதி வருடம், மார்கழி மாதம், பசலி 1374" என்று எழுதிய சீட்டைக் கொடுங்கள். நிலவரிக் கணக்கு ஆண்டான பசலியோடு 590 கூட்டினால் ஜூலையில் தொடங்கும் ஆங்கில ஆண்டு வரும். பசலி 1374 என்பது 1964 ஜூலை முதல் 1965 ஜூன் வரை. மார்கழி என்றால் 1964 டிசம்பர் நடுவிலிருந்து 1965 ஜனவரி நடு வரை, அதாவது தனுஷ்கோடியைப் புயல் அழித்த மாதம். குரோதி என்ற பெயர் 60 ஆண்டுக்கு ஒருமுறை திரும்பும் என்பதால் அதை மட்டும் வைத்துத் தேதி சொல்ல முடியாது என்பதையும் அவர் சொல்ல வேண்டும். செப்பேடுகளில் வரும் சக ஆண்டுக்கு 78 கூட்ட வேண்டும் என்பது தெரிந்திருந்தால் இன்னும் நல்லது.

ஐந்தாவது, பட்டியல் எழுதுவது. ஒரு கோப்பைக் கொடுத்து, சர்வதேசத் தரத்தின்படி கட்டாயமான ஆறு விவரங்களை எழுதச் சொல்லுங்கள்: குறிப்பெண், தலைப்பு, உருவாக்கியவர், காலம், அளவு, விவரிப்பு நிலை. இதில் பெரும்பாலோர் தடுமாறுவது உருவாக்கியவர் என்ற இடத்தில்தான். கிராம முன்சீபு எழுதிய கடிதம் வட்டாட்சியர் அலுவலகக் கோப்பில் இருந்தால், கோப்பை உருவாக்கியது வட்டாட்சியர் அலுவலகம்தான். எந்த அலுவலகத்தில் திரண்டதோ அந்தத் தொகுப்பாகவே வைக்க வேண்டும், முதலில் இருந்த வரிசையைக் கலைக்கக் கூடாது என்பது இந்தத் துறையின் அடிப்படை. நூலகப் பழக்கத்தில் ஊறியவர்கள் பொருள்வாரியாகப் பிரித்து அடுக்கத் தொடங்குவார்கள். அப்படிப் பிரித்துவிட்டால் எந்தக் கடிதத்துக்கு எது பதில் என்ற தொடர்பு அறுந்துபோகும், பிறகு யாராலும் ஒட்டவைக்க முடியாது.

மதிப்பெண் தாளை முன்பே அச்சடித்து, மூன்று வல்லுநர்களும் தனித்தனியே மதிப்பெண் போட்டுக் கையெழுத்திடட்டும்.

கடலோரம் என்பதற்காக ஆசிரியருக்குத் தனியாக என்ன தெரிந்திருக்க வேண்டும்?

பாடப்புத்தகம் குளிர்நாட்டுக் கட்டடத்தை வைத்து எழுதப்பட்டிருக்கும். பாம்பனிலும் மண்டபத்திலும் காற்றே உப்போடு வருகிறது. சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தொட்டால் நீரை இழுத்துக் கசியத் தொடங்கும். தாளிலும் இரும்பு பீரோவிலும் படிந்த உப்புத்தூள் மழைக்காலத்தில் அங்கங்கே ஈரப்புள்ளிகளாக மாறுவது இதனால்தான். ஈரப்பதம் 65 விழுக்காட்டுக்கு மேல் நீடித்தாலே பூஞ்சைக்கு வழி பிறந்துவிடும்.

ஆகவே சில கேள்விகளை நேரடியாகக் கேளுங்கள். மின்சாரம் போய்ப்போய் வரும் அறையில் குளிர்சாதனம் வைக்கலாமா? பகலில் ஓட்டி இரவில் நிறுத்தினால், குளிர்ந்த தாள்மீதும் சுவர்மீதும் ஈரக்காற்று பட்டு நீர்த்துளி கோக்கும். அப்படி விட்டுவிட்டு ஓட்டுவதைவிட, குளிர்சாதனம் இல்லாமல் காற்றோட்டத்தையும் ஈரமுறிஞ்சியையும் நம்புவது மேல். பீரோவை எங்கே நிறுத்துவது? வெளிச்சுவரை ஒட்டாமல் குறைந்தது 15 செ.மீ. தள்ளி, அடித்தட்டு தரையிலிருந்து 15 செ.மீ. உயரத்தில். தண்ணீர் புகும் தாழ்வான இடம் என்றால் இன்னும் உயர்த்த வேண்டும். ஈரப்பதமானி சரியாகக் காட்டுகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? சமையல் உப்பைச் சில சொட்டுத் தண்ணீரில் குழைத்து, ஒரு மூடியில் வைத்து, மானியோடு சேர்த்துக் காற்றுப்புகாத டப்பாவில் பூட்டி ஒரு இரவு வையுங்கள். 75 காட்ட வேண்டும். 70 காட்டினால் அந்த மானி 5 குறைத்துச் சொல்கிறது என்று பொருள். இதைச் செய்து காட்டத் தெரிந்தவரை விடாதீர்கள்.

பாடத்தைப் பருவத்துக்கு ஏற்ப அமைப்பதும் முக்கியம். பாதுகாப்புத் தாளை ஜூன் முதல் நவம்பர் வரையிலான பருவத்தில் வையுங்கள். வடகிழக்குப் பருவமழை இறங்கும்போது அறையின் ஈரப்பதம் ஏறுவதை மாணவர்களே பதிவுக் கருவியில் வரைபடமாகப் பார்ப்பார்கள். பட்டியலிடுதலும் ஸ்கேன் வேலையும் டிசம்பருக்குப் பிந்தைய பருவத்துக்குப் போகட்டும்.

புயலுக்கும் வெள்ளத்துக்கும் கல்லூரியில் என்ன ஏற்பாடு இருக்க வேண்டும்?

நனைந்த தாளில் 48 மணி நேரத்திலேயே பூஞ்சை முளைக்கத் தொடங்கும். அதற்குள் காற்றில் உலர்த்த முடியாத அளவு நனைந்திருந்தால் உறையவைத்து நேரம் வாங்க வேண்டும். இங்கே ஒரு வசதி உண்டு. மீன், இறால் ஏற்றுமதிக்கான உறைநிலைக் கிடங்குகள் மைனஸ் 18 முதல் 20 டிகிரியில் ஓடுகின்றன. புயல் வருமுன்பே ஒரு கிடங்கு உரிமையாளரிடம் பேசி, இத்தனை பெட்டிக்கு இடம் என்று எழுதி வாங்கிவைப்பது புதிய ஆசிரியரின் முதல் ஆண்டு வேலைகளில் ஒன்றாக இருக்கட்டும். நனைந்த கட்டுகளைப் பிரிக்காமல் பாலித்தீன் உறையில் சுற்றி, பிளாஸ்டிக் கிரேட்டில் முக்கால்வாசி மட்டும் நிரப்பி அனுப்ப வேண்டும். பனிக்கட்டித் தொழிற்சாலையில் ஐஸ் கட்டிகளுக்கு நடுவே வைப்பது பயன்படாது, உருகும் நீரே தாளைக் கெடுக்கும். வெயிலில் காயவைப்பதும் வேண்டாம். தாள் கோணும், மை வெளிறும்.

மாணவர்கள் பழக இங்கே என்ன ஆவணங்கள் இருக்கின்றன?

நிறையவே. ராமநாதபுரம் ராமலிங்க விலாசம் அரண்மனையில் தொல்லியல் துறையின் அருங்காட்சியகம் இருக்கிறது. சேதுபதிகளின் செப்பேடுகள், 1803-ல் நிரந்தர ஜமீனான சமஸ்தானத்தின் நிர்வாகம், 1948-ன் ஜமீன் ஒழிப்புச் சட்டத்தின்பின் நடந்த நிலவரித் திட்டம் என்று ஒரே இடத்தின் ஆவண மரபை மூன்று கட்டங்களாகக் காட்டலாம். மண்டபத்தில் இலங்கைத் தோட்டத் தொழிலாளர்களுக்காக நடந்த முகாம், 1947-ல் தொடங்கி, 1949 முதல் 1971 வரை மண்டபத்தைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையம், 1914-ல் திறந்த பாம்பன் ரயில் பாலம், முத்துக்குளித்தல், சங்குகுளித்தல் ஆகியவை பற்றிய தாள்களில் பெரும்பகுதி சென்னைக்கும் டெல்லிக்கும் கடல் கடந்தும் போய்விட்டது. எது எங்கே போயிருக்கிறது என்று தேடிப் பட்டியல் போடுவதே ஒரு முழுப் பருவச் செய்முறை.

வீட்டுப் பரண்களையும் மறக்க வேண்டாம். ஜமாஅத் நிக்காஹ் பதிவேடு, தேவாலய ஞானஸ்நானப் பதிவேடு, படகுக் கணக்கு, கிரயப் பத்திரம், கடை நோட்டு எல்லாம் ஆவணங்களே.

கீழக்கரைப் பக்கம், அரபு எழுத்தில் தமிழை எழுதிய அரபுத்தமிழ்ச் சுவடிகள் கிடைக்கின்றன. ஆசிரியருக்கு அதைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டுமா?

படிக்கத் தெரிந்தால் பெரும் பாக்கியம். தெரியாவிட்டாலும் கையாளத் தெரிந்திருக்க வேண்டும். வலமிருந்து இடமாகச் செல்லும் சுவடியில் தமிழ் நூல்போலப் பக்க எண் போட்டுவிட்டால் பட்டியல் முழுவதும் தலைகீழாகிவிடும். ஹிஜ்ரி ஆண்டு ஏறத்தாழ 354 நாள் என்பதால் வெறுமனே ஓர் எண்ணைக் கூட்டிக் கழித்து மாற்ற முடியாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். வாசிப்புக்கு ஊரிலுள்ள ஆலிம்களை (இஸ்லாமிய மார்க்க அறிஞர்களை) மதிப்பூதியத்தோடு அழையுங்கள், பட்டியலில் அவர்கள் பெயரையும் போடுங்கள். ஓலைச்சுவடியைப் பொறுத்தவரை, புள்ளியில்லாத மெய்யையும், குறில் நெடில் வேறுபாடில்லாத எகர ஒகரத்தையும், ௰, ௱, ௲ போன்ற எண்களையும், முந்திரி, மாகாணி, வீசம் போன்ற பின்னங்களையும் படிக்கத் தெரிவது ஆசிரியருக்குக் கட்டாயம். இதில் சமரசம் வேண்டாம்.

எண்ணிமப்படுத்தல் தெரிந்த கணினித் துறை ஆளையே போட்டுவிடலாமே?

ஸ்கேன் எடுப்பது இந்தப் பாடத்தில் ஒரு பகுதிதான். ஏ4 அளவுத் தாளை 400 டிபிஐ வண்ணத்தில் சுருக்கப்படாத டிஃப் கோப்பாக எடுத்தால் ஏறத்தாழ 46 எம்பி. 10,000 பக்கத்துக்கு 460 ஜிபிக்கு மேல். மூன்று பிரதிகள் வைத்தால் 1.4 டிபி. இந்தக் கணக்கைப் போடாமல் ஸ்கேனர் வாங்கும் கல்லூரிகள் இடம் போதாமல் ஜேபெக்காகச் சுருக்கி, மூலக் கோப்பை அழித்துவிடுகின்றன. ஓலை ஏடு தட்டை ஸ்கேனரில் அடங்காது, கண்ணாடியால் அழுத்தினால் விரிசல் விடும். மேலிருந்து படமெடுக்கும் கேமரா நிலைச்சட்டம்தான் அதற்குச் சரி. பிரதிகளில் ஒன்று கல்லூரிக்கு வெளியே, கடற்கரையிலிருந்து தள்ளி உள்ள ஊரில் இருக்கட்டும்.

மக்களிடமிருந்து வரும் ஆவணங்களைச் செய்முறைக்குப் பயன்படுத்தலாமா?

எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இல்லாமல் ஒரு தாளைக்கூட வாங்கி வைக்காதீர்கள். உரிமையாளர் யார், எத்தனை பக்கம், என்ன நிலையில் வந்தது, எப்போது திருப்பித் தருவோம், நகல் யாரிடம் இருக்கும், எதை வெளியே காட்டக்கூடாது என்று தமிழில் எழுதி இருதரப்பும் கையெழுத்திட வேண்டும். 75 ஆண்டுக்கு மேற்பட்ட, வரலாற்று மதிப்புள்ள கையெழுத்துச் சுவடியும் ஆவணமும் 1972-ன் தொல்பொருள் சட்டத்தின்கீழ் தொல்பொருளாகக் கருதப்படும். தனியார் அதை நாட்டுக்கு வெளியே அனுப்ப முடியாது. உயிரோடு இருப்பவர்களின் திருமண விவரம், அகதிகள் முகாம் பட்டியல் போன்றவற்றை மாணவர் கையில் கொடுக்க வேண்டாம். இந்த எல்லைகளைத் தானாகவே எடுத்துச் சொல்கிற விண்ணப்பதாரருக்குக் கூடுதல் மதிப்பெண் தரலாம்.

வெளியூர்க்காரர் வந்து ஒரே ஆண்டில் போய்விட்டால்?

பெரும்பாலும் சம்பளத்தால் போவதில்லை. அறை இல்லை, பொருள் இல்லை, வேறு துறை வேலைகளைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்பதால்தான் போவார்கள். அவர் சேரும் முன்பே பூட்டுள்ள ஓர் அறை, இரண்டு பெரிய மேசை, மென்தூரிகைகள், அமிலமில்லாத தாளும் பெட்டிகளும், ஜப்பானிய மெல்லிழைத் தாள், கோதுமை மாவுப் பசை காய்ச்ச அடுப்பு, ஈரப்பதப் பதிவுக் கருவி இரண்டு, சிலிக்கா ஜெல், முகக்கவசங்கள் ஆகியவை தயாராக இருக்கட்டும். செல்லோடேப்பும் லாமினேஷன் இயந்திரமும் அந்த அறைக்குள் வரவே கூடாது. மதுரையிலிருந்து வருபவராக இருந்தால் இரண்டு நாளில் செய்முறைகளைத் தொடர்ச்சியாக அமைத்து, ஒரு இரவு தங்க இடம் கொடுங்கள். கீழக்கரை போன்ற ஊர்களில் வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்தை விட்டுவிட்டுக் கால அட்டவணை போட வேண்டும்.

விளம்பரம் செய்தும் தகுந்த ஆளே வரவில்லை. என்ன செய்வது?

அவசரத்துக்கு யாரையாவது போட வேண்டாம். உங்கள் கல்லூரியிலேயே வரலாறு, தமிழ் அல்லது நூலகத் துறையில் தகுதியோடு இருக்கும் ஒருவரை, ஏடும் தாளும் பிடித்த ஒருவரை, தேர்ந்தெடுங்கள். முதலில் தேசிய ஆவணக் காப்பகத்தின் குறுகியகாலப் படிப்பு ஒன்றுக்கு ஊதியத்துடன் அனுப்புங்கள். திரும்பியதும் தஞ்சாவூரிலோ சென்னையிலோ சில வாரம் சுவடிப் பயிற்சி. அவர் வரும்வரை நடைமுறைப் பேராசிரியர் ஒருவரை ஓராண்டுக்கு வைத்து, 2 கிரெடிட் விருப்பப்பாடமாக மட்டும் தொடங்குங்கள். பயிற்சிக்குப் பிறகு குறைந்தது மூன்று ஆண்டு பணியில் இருப்பதாக உறுதிமொழி வாங்கலாம். அந்த மூன்று ஆண்டும் அவருக்கு இதே பாடத்தைத் தருவதாக நிர்வாகமும் எழுதிக் கொடுக்க வேண்டும்.